கடனைக் கட்டித் தந்தவர் பொதியையும் தந்தார்: என் மகனை எப்படி மீட்பது?

கடிதத்தின் சுருக்கம்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்திலிருந்து 41 வயதுத் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்கள் எல்லாவற்றையும் மாற்றியோ நீக்கியோ இருக்கிறேன்.

கணவர் 2009 யுத்தத்தில் கால் ஒன்றை இழந்தவர். நான்கு வருடங்களுக்கு முன் சிறுநீரக நோயால் இறந்துவிட்டார். மகனுக்கு 17 வயது. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுவிட்டான். மகளுக்கு 13. பாதியில் நின்ற வீட்டுத்திட்ட வீட்டை முடிக்கவும், கணவரின் வைத்தியச் செலவுக்கும் எடுத்த குழுக்கடன் மூன்று இடத்தில் நிற்கிறது. கிழமைக்குக் கிழமை தவணை. கட்ட முடியாமல்போன ஒரு நாள், கடன் அறவிட வந்தவர்கள் இருட்டும்வரை முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார்களாம். அன்று உதவிக்கு வந்தவர் ஊரில் எல்லோரும் 'அண்ணை' என்று கூப்பிடும் ஒருவர். கணவர் வழியில் தூரத்துச் சொந்தம். நிலுவை 42,000 ரூபாயையும் அந்த இடத்திலேயே எண்ணிக் கொடுத்தார். "இருக்கிறபோது தாங்கோ" என்றார், வட்டி கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வெளிநாட்டிலிருந்து ஒருவர் காசு அனுப்ப வேண்டும் என்று சொல்லி, இந்தத் தாயின் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்றைத் திறக்கச் செய்து, அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் வாங்கிக்கொண்டார். பிறகு மகனுக்கு ஒரு போன். பிறகு மோட்டார் சைக்கிள் ஓடப் பழக்கினார். பிறகு, மாங்குளத்திலிருந்து வவுனியாவுக்கு பஸ்ஸில் ஒரு பையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் 5,000 ரூபாய். இப்போது மகன் இரண்டு மூன்று இரவு தொடர்ந்து நித்திரை கொள்வதில்லை. சாப்பாடு வேண்டாம் என்கிறான். தங்கச்சி கதவைத் தட்டினாலும் பாய்கிறான். ஐஸ் என்கிற போதைப்பொருளைப் பாவிக்கிறான் என்று அவனுடைய சிநேகிதன் ஒருவன் சொல்லியிருக்கிறான்.

போன மாதம், அரிசி வாளியின் அடியில் ஒரு பால்மாப் பேணி இருந்தது. மூடியைச் சுற்றி மண்ணிற ஒட்டுநாடா. திறக்கப் பயந்த தாய், இரவோடு இரவாகக் கிணற்றடி வாழைப் பாத்திக்குள் புதைத்துவிட்டார். பேணியைக் காணவில்லை என்று மகன் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான். அண்ணை வந்து, "அது இரண்டு இலட்சம் பெறுமதி. பரவாயில்லை, பெடியன் ஓடி ஓடிக் கழிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அம்மாவின் கேள்விகள் இவைதான். பேணியை எரிக்கலாமா, குளத்தில் போடலாமா? மகனுக்கு 18 ஆகவில்லை, சட்டம் அவனைத் தொடாதுதானே? 42,000 ரூபாயை எப்படியாவது திருப்பிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களா? பொலிசுக்குப் போனால் மகனைத் தூக்கில் போட்டுவிடுவார்களா? கடைசியாக ஒரு வரி: "நாங்கள் விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. வீட்டில் இருந்தது, அவ்வளவுதான்."

சட்டத்தரணியின் பதில்

அன்புச் சகோதரி,

கடிதம் கிடைத்த அன்றே நீங்கள் தந்திருந்த உங்கள் அக்காவின் இலக்கத்துக்கு அழைத்து, அவசரமானதைச் சொல்லிவிட்டேன். இங்கே விரிவாக எழுதுவது உங்களுக்காகவும், இதே நிலையில் இருந்துகொண்டு எழுதத் துணியாத மற்றத் தாய்மாருக்காகவும்.

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். "வீட்டில் இருந்தது, அவ்வளவுதான்" என்று நீங்கள் மனச்சாட்சியோடு சொல்கிறீர்கள். நான் அதை நம்புகிறேன். ஆனால் சட்டம் அந்த 'இருந்தது' என்ற சொல்லில்தான் கை வைக்கிறது.

வைத்திருத்தலும் குற்றம்தான்

இலங்கையில் இந்த விடயத்தை ஆள்வது நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1929இல் வந்த சட்டம். 1984இல் அது கடுமையாக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தத்தோடு ஐஸ் எனப்படும் மெத்தாம்பெட்டமினும் அதற்குள் வந்தது. விற்பதையும் கடத்துவதையும் மட்டும் இந்தச் சட்டம் தண்டிக்கவில்லை, உடைமையில் வைத்திருப்பதையும் தண்டிக்கிறது. ஹெரோயின், அதாவது நம் பெடியள் சொல்கிற 'குடு', 2 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் மரணதண்டனை அல்லது ஆயுட்கால சிறை. ஐஸ் என்றால் அந்த எல்லை 5 கிராம்.

அளவைக் கண்ணுக்குள் கொண்டுவர ஒன்று சொல்கிறேன். தேத்தண்ணிக்குப் போடுகிற சீனி, ஒரு தேக்கரண்டி மட்டமாக எடுத்தால் ஏறக்குறைய 4 கிராம். அதில் பாதிதான் அந்த 2 கிராம். உங்கள் பால்மாப் பேணிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் ஒரு பேணி அளவு என்பது சின்ன விடயம் இல்லை என்று மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள்.

பிணையும் மற்ற வழக்குகளைப்போல் கிடைக்காது. இத்தகைய குற்றச்சாட்டில் நீதவானால் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம்தான், அதுவும் விசேட காரணம் காட்டினால்தான், கொடுக்கலாம். தூய அளவு 10 கிராம் அல்லது அதற்கு மேல் என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை சொன்னால் மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை போகவேண்டும். அந்த அறிக்கை வந்துசேர மாதக்கணக்காகும். அதுவரை விளக்கமறியல். வவுனியா நீதிமன்றத்துக்கு வெளியே, ஒரு கையில் பணிசும் மற்றக் கையில் தண்ணீர்ப் போத்தலுமாக, சிறைச்சாலை பஸ் எப்போது வரும் என்று காலை 8 மணியிலிருந்து வெயிலில் நிற்கும் தாய்மாரை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். ஐந்து நிமிடம் மகனின் முகத்தைப் பார்க்க, உடையார்கட்டிலிருந்தும் துணுக்காயிலிருந்தும் வந்து நிற்பார்கள். பொதியின் சொந்தக்காரன் அங்கே ஒருநாளும் வந்து நின்றதை நான் கண்டதில்லை.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, சகோதரி. அந்தப் பேணி நிலத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து அண்ணைக்குக் குறைகிறது, உங்களுக்குக் கூடுகிறது.

அவர் உங்களைத் தேடி வந்தது தற்செயல் இல்லை

கடிதத்தில் அண்ணையைப் பற்றி எழுதும்போது இன்னமும் உங்களுக்கு ஒரு நன்றி உணர்வு இருக்கிறது. "அந்த நேரத்தில் வேறு யாரும் வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், யாரும் வரவில்லை. அது நம் எல்லோருக்கும் வெட்கம். ஆனால் அவர் வந்த காரணத்தை நீங்கள் கொஞ்சம் விலகி நின்று பார்க்கவேண்டும்.

வன்னியின் இரண்டு பக்கமும் கடல். மேற்கே மன்னார்க் கரை, கிழக்கே முல்லைத்தீவுக் கரை. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து படகில் ஏறுகிற கேரள கஞ்சா இந்தக் கரைகளிலும் யாழ்ப்பாணக் கரையிலும் இறங்கி, ஏ-9 வழியாகவும் மன்னார் வீதி வழியாகவும் தெற்கே போகிறது. குடுவும் ஐஸும் பெரும்பாலும் தெற்குக் கடலில் ஆழ்கடல் படகுகளில் வந்து, திரும்ப மேலே ஏறி வருகின்றன. படகுக்காரன் வேறு, கரையில் எடுப்பவன் வேறு, காட்டில் ஒளிப்பவன் வேறு, கொண்டு போகிறவன் வேறு, காசு பெறுகிறவர் வேறு. ஒவ்வொருவருக்கும் தனக்கு மேலே உள்ள ஒரே ஒருவரை மட்டும்தான் தெரியும், அதுவும் பட்டப்பெயரில். மேலே இருப்பவர் நாட்டிலேயே இல்லாமலும் இருக்கலாம். போன் ஒன்று போதும்.

இந்தச் சங்கிலியில் பிடிபடக்கூடிய இடம் இரண்டுதான்: பொதியைத் தொடுகிற கை, காசு விழுகிற கணக்கு. அந்த இரண்டு இடத்திலும் தன்னை வைக்க யாரும் விரும்பமாட்டார்கள். அதனால் அங்கே வைக்க வேறு ஆட்களைத் தேடுகிறார்கள். யாரைத் தேடுவார்கள்? சோதனைச் சாவடியில் சந்தேகம் வராத ஒருவரை. கடனில் மூச்சுமுட்டுகிற ஒருவரை. கேள்வி கேட்க ஆண் துணை இல்லாத வீட்டை. பள்ளிக்கூடம் விட்டு, வேலையும் இல்லாமல் சந்தியில் நிற்கிற பையனை. யுத்தத்தில் அவயவம் இழந்தவர்களையும், முன்பு தடுப்பில் இருந்து வந்து இன்னமும் பொலிசைக் கண்டால் நடுங்குகிறவர்களையும் இதே காரணத்துக்காகத் தேடிப்பிடித்ததை என் வழக்குகளில் பார்த்திருக்கிறேன். சகோதரி, உங்கள் வீட்டில் இதில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் கேட்காத உதவி. பிறகு, மறுக்க முடியாத சின்ன உதவி: ஒரு கணக்கு, ஒரு சிம், ஒரு பையை இரண்டு நாள் வைத்திருத்தல். பிறகு ஒரு பயணம். அது எந்தச் சிக்கலும் இல்லாமல் முடியும், கையில் காசு வரும். பிறகு ஓசியில் கொஞ்சம் ஐஸ், "நித்திரை வராது, இரவில் ஓடலாம்" என்று சொல்லி. அதோடு பையனுக்குக் காசும் அவர்களிடம், மருந்தும் அவர்களிடம் என்றாகிவிடும். கடைசிக் கட்டம்தான் கொடியது. பொதி 'தொலையும்'. பல வழக்குகளில் பொதியைத் தொலைத்ததே அவர்களின் ஆட்கள்தான். வழியில் மறித்துப் பறிப்பார்கள், அல்லது ஒளித்த இடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். பிறகு அந்தப் பெறுமதி முழுவதும் பையனின் தலையில் கடனாக ஏறும். உங்கள் விடயத்தில் அவர்கள் எடுக்கவில்லை, நீங்கள்தான் புதைத்தீர்கள். ஆனாலும் அண்ணை கோபப்பட்டாரா? இல்லை. "ஓடி ஓடிக் கழிக்கட்டும்" என்றார். பொதி தொலைந்தால் அவருக்குப் பையன் கிடைக்கிறான் என்றுதான் அந்த வார்த்தையை எனக்கு வாசிக்க முடிகிறது.

ஆகவே, உங்கள் மகன் தவறு செய்தவனா, ஏமாற்றப்பட்டவனா என்று இரவில் உங்களையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அவன் இரண்டுமாக இருக்கிறான். சட்டத்துக்கு முன்னால் சந்தேகநபர், வைத்தியருக்கு முன்னால் நோயாளி, அண்ணைக்கு முன்னால் இரை. மூன்றுக்கும் மூன்று விதமாக நாம் பதில் தேடவேண்டும்.

நீங்கள் நம்பியிருக்கும் சில விடயங்கள்

*"எரித்துவிட்டால் முடிந்தது."* முடியாது. எரிக்கவும் வேண்டாம், குளத்தில் போடவும் வேண்டாம், தோண்டி இடம் மாற்றவும் வேண்டாம். சாட்சியத்தை அழித்தீர்கள் என்ற புதுக் குற்றச்சாட்டுக்கு அது இடம் கொடுக்கும். நீங்கள் திறக்கவே இல்லை, உங்களுக்குத் தெரியாது என்று காட்டக்கூடிய ஒரே பொருளையும் இழந்துவிடுவீர்கள். அந்த ஒட்டுநாடா அப்படியே இருக்கட்டும். புதைத்த இடத்தை மகனிடமும் சொல்லவேண்டாம். அந்தச் சுமையை இன்று அவனால் தாங்க முடியாது.

*"18 ஆகவில்லை, சட்டம் தொடாது."* இது பாதிதான் சரி. குற்றம் நடந்தபோது 18 வயதுக்குட்பட்டவராக இருந்தவருக்கு மரணதண்டனை விதிக்க முடியாது. அதனால் மகனைத் தூக்கில் போடுவார்கள் என்ற பயத்தை நீங்கள் இப்போதே விட்டுவிடலாம். இந்த நாட்டில் 1976க்குப் பிறகு யாருக்கும் அந்தத் தண்டனை நிறைவேற்றப்படவும் இல்லை. ஆனால் 17 வயதுப் பையன்மேல் வழக்கு வராது என்று இல்லை. கைதாகலாம், விளக்கமறியலில் இருக்க நேரலாம். இதை உங்களிடம் மறைப்பது நியாயமில்லை.

*"42,000ஐக் கொடுத்தால் விட்டுவிடுவார்."* விடமாட்டார். அந்தக் காசு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் உங்களிடம் வைத்திருப்பது உங்கள் கணக்கையும் மகனையும். இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் காசைக் கொடுக்க நான்காவது இடத்தில் குழுக்கடன் எடுக்க யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். குழுக்கடன் கட்டாததற்காக யாரும் உங்களைச் சிறைக்கு அனுப்ப முடியாது. அது குடியியல் விடயம். இருட்டும்வரை முற்றத்தில் இருந்து மிரட்ட எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை. கடன் விடயத்தைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுத்து, தவணையை மாற்றி எழுதக் கேட்கலாம். மத்தியஸ்த சபைக்கும் கொண்டுபோகலாம். சிறையைப் பயந்து கட்டிய அந்த 42,000 ரூபாய்தான் உங்களை உண்மையான சிறைவாசல்வரை கொண்டுவந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. அன்று இதை யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

*"கணக்கு என் பெயரில் இருந்தாலும் நான் ஒரு சதமும் எடுக்கவில்லை."* நல்லது. ஆனால் 2006ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம், குற்றத்தால் வந்த காசு என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதைக் கையாண்டவரைப் பிடிக்கிறது. நேற்றுவரை உங்களுக்குக் காரணம் தெரியாமல் இருந்திருக்கலாம். பேணியைக் கண்ட பிறகு 'தெரியாது' என்று சொல்வது கடினம். அதனால்தான் நாள் கடத்தவேண்டாம் என்கிறேன்.

*"மிரட்டினதால்தான் செய்தோம், நீதிமன்றம் விட்டுவிடும்."* கடன்காரன் மிரட்டினான், ஊரில் மானம் போகும் என்று சொன்னான் என்பதெல்லாம் முழுமையான பாதுகாப்பாகாது. அந்த இடத்திலேயே உயிர் போகும் என்ற நியாயமான பயத்தில் செய்ததைத்தான் தண்டனைச் சட்டக்கோவை பொறுத்துக்கொள்கிறது. ஆனால் இதே சட்டக்கோவையில் உங்கள் பக்கம் நிற்கிற இன்னொரு பிரிவு இருக்கிறது, 360இ. ஆட்கடத்தல் பற்றியது. 2006இல் திருத்தப்பட்டது. ஆட்கடத்தல் என்றதும் நம் ஆட்கள் கப்பலையும் வெளிநாட்டையும் நினைப்பார்கள். அந்தப் பிரிவு அதைவிட அகலமானது. ஒருவருடைய இயலாத நிலையைச் சுரண்டி, சட்டப்படி குற்றமாகும் செயல் ஒன்றைச் செய்விக்க அவரைச் சேர்த்துக்கொள்வதும் அதற்குள் வரும். ஆள் 18 வயதுக்குட்பட்டவர் என்றால் அவர் சம்மதித்தாரா என்பது கேள்வியே இல்லை. சிறுவரைப் போதைப்பொருள் கடத்தலுக்குப் பயன்படுத்துவதை வேறொரு பிரிவும் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. அதாவது, அந்தச் சட்டங்களின் கண்ணில் உங்கள் மகன் பாதிக்கப்பட்டவன், அண்ணை குற்றவாளி. இந்தக் கோணத்தை நீதிமன்றத்தில் நிறுவுவது எளிதல்ல, பாடுபடவேண்டும். ஆனால் பொலிஸ் பேணியைத் தேடி எடுத்த பிறகு இதைச் சொல்வதற்கும், அதற்கு முன் நீங்களாக வந்து சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

மௌனமாக இருப்பது ஒரு வழி. பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். அது எங்கே போய் முடியும் என்று மேலே எழுதிவிட்டேன்.

மகனைக் கொழும்பில் இருக்கும் உங்கள் தம்பியிடம் அனுப்புவது இரண்டாவது. தாயின் மனம் முதலில் அங்கேதான் போகும். ஆனால் பேணி உங்கள் வளவில் இருக்கும், கணக்கு உங்கள் பெயரில் இருக்கும், அண்ணை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல நீங்களும் 13 வயது மகளும் மட்டும் மிஞ்சுவீர்கள். பின்னால் வழக்கு வந்தால் தலைமறைவானவன் என்றும் மகனைச் சொல்லுவார்கள். ஏஜென்சிக்காரன் ஒருவன் மத்திய கிழக்குக்கு அனுப்புகிறேன் என்றானாம்; 17 வயதில் அது சட்டப்படி நடக்கவே நடக்காது. பொய்ப் பத்திரத்தில் அனுப்பி, இன்னொரு அண்ணையின் கையில்தான் விடுவான்.

மூன்றாவது, ஒரு சட்டத்தரணியோடு முன்னால் வருவது. நான் சொல்வது இதைத்தான். ஒழுங்கு முக்கியம்.

முதலில் மகள். பிள்ளையை இரண்டு கிழமைக்கு உங்கள் அக்கா வீட்டில் விடுங்கள். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சொன்னால் போதும். மிரட்டல் வந்தால் பெரும்பாலும் அந்தப் பிள்ளையை வைத்துத்தான் வரும். யாராவது அவளைத் தொடர்ந்தால், கதைக்க வந்தால், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

அடுத்து சட்டத்தரணி. காசு இல்லை என்று தயங்கவேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழு 1978இலிருந்து இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணமில்லாமல் சட்டத்தரணி தருவதுதான் அதன் வேலை. உங்களுக்குக் கிட்டிய நீதிமன்றத்தில் கேட்டால் அலுவலகத்தைக் காட்டுவார்கள். சட்டத்தரணியிடம் நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதி இல்லாமல் அவர் வெளியே சொல்ல முடியாது. ஆகவே எதையும் மறைக்காமல் சொல்லுங்கள், மாங்குளத்துப் பயணங்கள் எத்தனை என்பது உட்பட.

பிறகு பேணி. "பொலிஸ் முழுக்க என் பொக்கற்றுக்குள்" என்று அண்ணை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லோரிடமும் அவர்கள் சொல்வது அதைத்தான். சில இடத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம், உங்கள் சந்தேகத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. அதனால் தனியாக, இரவில், கிட்டிய பொலிஸ் நிலையத்து மேசைக்குப் போகாதீர்கள். சட்டத்தரணி ஊடாக மேல்நிலை அதிகாரி ஒருவருக்கு எழுத்தில் அறிவிக்கலாம், அல்லது நீதவானின் கவனத்துக்கு நகர்த்தல் பத்திரம், அதாவது நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் விண்ணப்பம், மூலம் கொண்டுபோகலாம். எது உங்கள் விடயத்துக்குப் பொருந்தும் என்று உங்களைப் பார்த்துப் பேசித்தான் முடிவெடுப்பார். தோண்டி எடுப்பது அவர்களின் வேலை. நீங்கள் இடத்தைக் காட்டினால் போதும்.

வாக்குமூலம் கொடுக்கும்போது ஒன்றை மறக்கவேண்டாம். தமிழில் எழுதச் சொல்லுங்கள், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், சொன்னபடி இருந்தால் மட்டும் ஒப்பமிடுங்கள். சிங்களத்தில் எழுதியதன் கீழ், "ஒன்றும் இல்லை, சைன் பண்ணுங்கோ" என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி, கேட்பது உங்கள் உரிமை. பொலிசாரிடம் சொல்லும் குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவல் 27ஆம் பிரிவின் கீழ் வழக்குக்குள் வரும். அதனால்தான் சட்டத்தரணி இல்லாமல் போகவேண்டாம் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். அடித்தாலோ மிரட்டினாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கம் இருக்கிறது. வவுனியாவிலும் அதன் அலுவலகம் உண்டு.

வங்கி அதே நாளில். முந்தவும் வேண்டாம், பிந்தவும் வேண்டாம். அட்டையை நிறுத்தினால் அண்ணைக்கு அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். முறைப்பாடு கொடுத்த கையோடு வங்கிக்குப் போய் அட்டையை முடக்கி, கணக்கு விவரத்தை எடுத்துக் கொடுங்கள். உள்ளே எவ்வளவு இருந்தாலும் தொடாதீர்கள்.

இதனால் மகன் கைதாகவே மாட்டான் என்று நான் உறுதி தரமாட்டேன். அப்படி உறுதி தருகிறவரை நம்பவும் வேண்டாம். ஆனால் சில கதவுகள் திறக்கும். வழக்குத் தொடுப்பதா, யார்மேல் தொடுப்பது என்பதைச் சட்டமா அதிபர் பார்க்கும்போது, நீங்களாக வந்தது பதிவில் இருக்கும். தெரிந்த முழு உண்மையையும் சொல்கிற ஒருவருக்கு நிபந்தனையோடு மன்னிப்பு அளிக்கச் சட்டமா அதிபருக்குக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் 256ஆம் பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. அது கேட்டுப் பெறக்கூடிய உரிமை இல்லை, ஆனாலும் கேட்கலாம். சாட்சிகளை மிரட்டுவது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குற்றம். பாதுகாப்புக் கேட்கவும் அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. கேட்ட உடனே வீட்டு வாசலில் காவல் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மனுவை முதல் நாளே போட்டுவைப்பது, நாளைக்கு ஏதும் நடந்தால் பேச வாய் தரும்.

மகனின் உடம்பு

வழக்கு ஒரு பக்கம் இருக்க, இவன் இன்று நித்திரையில்லாமல் இருக்கிறான். ஐஸ் பாவித்தவர் அதை நிறுத்தும்போது இரண்டு மூன்று நாள் அடித்துப்போட்டதுபோல் தூங்குவார், அகோரமாகப் பசிக்கும். பிறகு மனம் இருண்டுபோகும். அந்த நாட்களில்தான் சாகவேண்டும் என்ற எண்ணம் வரும், தனியே விடக்கூடாது. வளவில் இருக்கும் பூச்சிமருந்தை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். கட்டிப்போடவோ, சாமியாடியிடம் கொண்டுபோகவோ, அடிக்கவோ வேண்டாம். கிளிநொச்சி வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். நீங்கள் முல்லைத்தீவுப் பக்கம் என்றால் மாஞ்சோலை வைத்தியசாலை. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927, உளநல உதவிக்கு 1926. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவனாக விரும்பிச் சிகிச்சைக்குச் சேரலாம், தாயாக நீங்களும் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றத்துக்குப் போகுமுன் சிகிச்சை தொடங்கியிருந்தால், அந்த வைத்தியப் பதிவும் வழக்கில் உதவும்.

மகனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அவன் நித்திரை கொண்டு எழும்பிச் சாப்பிட்ட ஒரு நேரம் பாருங்கள். பேணியைப் பற்றியும் ஐஸைப் பற்றியும் முதலில் கேட்கவேண்டாம். "அண்ணை உனக்கு எவ்வளவு கடன் என்று சொல்லியிருக்கிறார்?" என்று கேளுங்கள். அந்தக் கணக்கைத்தான் அவன் இரவு முழுக்க முழித்திருந்து தனியே கூட்டிக்கொண்டிருக்கிறான். அதைச் சொல்லத் தொடங்கினால் மற்றதெல்லாம் வரும். அவன் சொல்வதைக் கேட்டு அழவேண்டி வந்தால் அழுங்கள், ஆனால் நடுவில் மறிக்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை அக்காவோடு என்னிடம் வாருங்கள். கடன் புத்தகங்கள் மூன்றையும், வங்கி தந்த கடிதம் ஏதும் இருந்தால் அதையும், மகனின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துவாருங்கள். சான்றிதழின் மூலப்பிரதி வேண்டும். அவனுக்கு வயது 17 என்பதை முதல் கடதாசியிலேயே காட்டவேண்டியிருக்கிறது. மகனின் போன் வீட்டிலேயே இருக்கட்டும். அதில் எதையும் அழிக்கவேண்டாம்.